உறைதலும் பிணைதலும்

மலாக்கா மாநிலத்தில் உம்பாய், மெர்லிமாவ், ஜாசின், ஆசகான் முதலிய ஊர்ப்புறங்களில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களுள் பால்மரத்தோடு தொடர்பில்லாத குடும்பம் அரிது. பாட்டன் வெட்டிய மரம், பாட்டி சுமந்த வாளி, தாய் துடைத்த மங்கு என ஏதேனும் ஒரு நினைவு வீடுதோறும் இருக்கும். இந்நாட்டில் வணிக நோக்கோடு ரப்பர் முதன்முதலாகப் பயிரிடப்பட்டதும் இம்மாநிலத்திலேதான். மலாக்காச் சீனரான டான் சாய் யான், சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் தலைவராயிருந்த ஹென்றி ரிட்லியின் தூண்டுதலால், 1896ஆம் ஆண்டில் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். பின்னர் ஆசகானில் பெருந்தோட்டம் ஒன்றைத் தொடங்கினார். அக்காலத்து ரப்பர் நிலங்கள் பலவற்றில் இன்று செம்பனை நிற்கிறது. எனினும் பால்மரம் நமக்குக் கற்பிக்கக்கூடிய பாடம் ஒன்று இன்னும் எஞ்சியுள்ளது. அதனையே இக்கட்டுரை கூற முற்படுகிறது.

பால் ஸ்டோரில் நடப்பதை அறியாதார் இலர். வடிகட்டிய பாலைத் தொட்டியில் ஊற்றி, நீர் கலந்து, சிறிதளவு பார்மிக் அமிலம் சேர்ப்பர். சில மணி நேரத்தில் பால் உறைந்து வெண்ணிறக் கட்டியாகும். அதனை உருளைகளுக்கிடையே விட்டுத் தகடாக்கிப் புகையறையில் உலர்த்தினால் ஷீட் ரப்பர் கிடைக்கும். இங்கே ஒரு வினா எழுகின்றது. நீராய் ஓடிய பால் கட்டியாய் நின்றபோது, அதிலுள்ள ரப்பர் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று புதிதாகப் பிணைந்துகொண்டனவா?

பிணைந்தன என்றே பலரும் விடை கூறுவர். ஓடியது நின்றுவிட்டதைக் கண்ணாற் கண்டபின் வேறென்ன கூறுவது? ஆயினும் அவ்விடை தவறு. தொட்டியில் மூலக்கூறுகளிடையே புதிய பிணைப்பு எதுவும் உண்டாகவில்லை. பிணைப்பு உண்டாவது பின்னொரு நாளில், டயர் ஆலையிலோ கையுறை ஆலையிலோ, கந்தகத்தோடு சேர்த்துச் சூடேற்றும்போதுதான். உறைதல் வேறு, பிணைதல் வேறு. இவ்வேறுபாட்டை உணர்ந்த மாணவன் வேதியியலின் அடிப்படைகளுள் ஒன்றை உணர்ந்தவனாவான். அதற்கு முதலில் பிணைப்பு என்பது யாது எனக் காண்போம்.

நடுவில் நிற்கும் இணை

அணுவின் நடுவே நேர்மின்னேற்றமுடைய உட்கரு இருக்கிறது. அதனைச் சூழ்ந்து எதிர்மின்னேற்றமுடைய எலெக்ட்ரான்கள் உள்ளன. அணுக்களுள் மிக எளியது ஹைட்ரஜன். அதற்கு எலெக்ட்ரான் ஒன்றே. இத்தகைய அணுக்கள் இரண்டு நெருங்கி வருவதாகக் கொள்வோம். உட்கருக்கள் ஒன்றையொன்று விலக்கும். எலெக்ட்ரான்களும் ஒன்றையொன்று விலக்கும். ஆனால் ஒவ்வோர் உட்கருவும் தன் எலெக்ட்ரானோடு அடுத்த அணுவின் எலெக்ட்ரானையும் இழுக்கும். இரண்டு எலெக்ட்ரான்களும் உட்கருக்களுக்கு இடைப்பட்ட வெளியில் மிகுதியாகத் தங்கும்போது, இரு உட்கருக்களும் அவற்றை ஒருங்கே ஈர்க்கின்றன. அதனால் மொத்த ஆற்றல் குறைகிறது. குறைந்த ஆற்றலுடைய நிலையே நிலைத்து நிற்கும். நடுவில் நிற்கும் அந்த எலெக்ட்ரான் இணையே இரண்டு அணுக்களையும் கட்டி வைக்கின்றது. இதற்குச் சகப்பிணைப்பு என்று பெயர்.

அணுக்கள் ஓரளவிற்கு மேல் நெருங்கினால் உட்கருக்களின் விலக்கம் மேலோங்கும். ஆதலின் இழுப்பும் விலக்கமும் ஒத்து நிற்கும் ஒரு தொலைவில் அவை அமைகின்றன. ஹைட்ரஜன் மூலக்கூறில் அத்தொலைவு 0.74 ஆங்ஸ்ட்ராம் ஆகும். ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு சென்டிமீட்டரில் பத்துக்கோடியில் ஒரு பங்கு. 2 கிராம் ஹைட்ரஜனில் உள்ள மூலக்கூறுகளை எல்லாம் தனித்தனி அணுக்களாகப் பிரிக்க ஏறத்தாழ 436 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். ஒன்றரை லிட்டர் நீரை 30 பாகை வெப்பத்திலிருந்து கொதிநிலைக்கு உயர்த்தவும் இவ்வளவு வெப்பமே தேவை. இரண்டு கிராம் எடையுள்ள வளியைக் கட்டி வைத்திருக்கும் பிணைப்பின் வலிமையை இதனால் அறியலாம்.

எலெக்ட்ரான் இணையே பிணைப்பிற்குக் காரணம் என்ற கருத்தை 1916ஆம் ஆண்டில் வெளியிட்டவர் அமெரிக்க வேதியியலறிஞர் கில்பர்ட் லூயிஸ். இர்விங் லாங்மியூர் 1919ஆம் ஆண்டில் அதனை விரித்துரைத்து, இன்று உலகெங்கும் வழங்கும் 'கோவலன்ஸ்' என்ற பெயரையும் புகுத்தினார். அந்த இணை எவ்வாறு ஆற்றலைக் குறைக்கிறது என்பதை 1927ஆம் ஆண்டில் வால்டர் ஹைட்லரும் பிரிட்ஸ் லண்டனும் குவாண்டம் இயக்கவியலின் துணைகொண்டு கணக்கிட்டுக் காட்டினர்.

லயத்தின் பொதுச்சுவர்

ஓர் அணு எத்தனை பிணைப்புகளை ஏற்கும் என்பதை அதன் புறக்கூட்டிலுள்ள எலெக்ட்ரான்களின் எண்ணிக்கையைக் கொண்டு கூறலாம். கார்பனின் புறக்கூட்டில் நான்கு எலெக்ட்ரான்கள் உள்ளன. அக்கூடு நிறைவதற்கு எட்டு வேண்டும். எனவே கார்பன் நான்கு இணைகளை மற்ற அணுக்களோடு பொதுவில் வைத்துக்கொள்கிறது. ஹைட்ரஜனுக்கு இரண்டே போதுமாதலின் அது ஓர் இணையோடு நின்றுவிடும்.

நான்கும் நான்கும் எட்டானால், மற்ற அணுக்கள் தத்தம் எலெக்ட்ரான்களை இழந்துவிட்டனவா என மாணவர் ஐயுறுவர். அவர்களுக்குத் தோட்டத்து லயத்தை எடுத்துக்காட்டலாம். லயத்தில் அடுத்தடுத்த இரண்டு வீடுகளுக்கு நடுவிலுள்ள சுவர் ஒன்றே. ஆயினும் என் வீட்டிற்கு நான்கு சுவர் என்று இவரும் கூறுவார், அவரும் கூறுவார். இருவர் கூற்றும் உண்மையே. பொதுச்சுவரை இரு வீட்டுக் கணக்கிலும் எண்ணுகிறோம். எலெக்ட்ரான் இணையும் அவ்வாறே இரண்டு அணுக்களின் கணக்கிலும் எண்ணப்படுகிறது.

உவமைக்கும் எல்லை உண்டு. சுவர் வீடுகளை இழுத்துப் பிடிப்பதில்லை. எலெக்ட்ரான் இணை அணுக்களை இழுத்துப் பிடிக்கிறது. மற்றொன்றும் கூறவேண்டும். அணுக்கள் எட்டு எலெக்ட்ரானை 'விரும்புகின்றன' என்று வகுப்பில் சொல்லிவிடுகிறோம். அணுவிற்கு விருப்பமும் இல்லை, வெறுப்பும் இல்லை. எட்டு என்பது எண்ணிப் பார்ப்பதற்கு உதவும் ஒரு விதி. பிணைப்பின் காரணம், முன்னர்க் கூறியபடி, மின்னீர்ப்பும் அதனால் ஏற்படும் ஆற்றல் குறைவுமே.

எல்லாப் பிணைப்பும் இவ்வகையின அல்ல என்பதையும் குறிப்பிடுதல் வேண்டும். சோற்றுப்பில் சோடியம் தன் எலெக்ட்ரான் ஒன்றைக் குளோரினுக்குக் கொடுத்துவிடுகிறது. கொடுத்தது நேர்மின் அயனியாகும், பெற்றது எதிர்மின் அயனியாகும். இவ்விரண்டும் ஒன்றையொன்று இழுத்து நிற்கின்றன. நீரில் இட்டால் அவை பிரிந்துவிடும். ரப்பரோ மழைநீரில் ஆண்டுக்கணக்காகக் கிடந்தாலும் கரையாது. அதன் அணுக்கள் அனைத்தும் சகப்பிணைப்பால் கட்டுண்டவை. நீரைத் தம்பால் ஈர்க்கும் மின்னேற்றம் அவற்றிடம் இல்லை.

அறிஞரையும் மயக்கிய வினா

இனி ரப்பருக்கு வருவோம். ரப்பரில் கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே உள்ளன என்பதையும், ஐந்து கார்பனுக்கு எட்டு ஹைட்ரஜன் என்ற விகிதத்தில் உள்ளன என்பதையும் மைக்கேல் பாரடே 1826ஆம் ஆண்டிலேயே ஆராய்ந்து கூறினார். 1860ஆம் ஆண்டில் கிரெவில் வில்லியம்ஸ் ரப்பரைக் காய்ச்சி வடித்து, அதே விகிதமுடைய எளிதில் ஆவியாகும் நீர்மம் ஒன்றைப் பெற்றார். அதற்கு ஐசோப்ரீன் என்று பெயரிட்டார். ஆகவே ரப்பர் ஐசோப்ரீன் அலகுகளால் ஆனது என்பது தெளிவாயிற்று. ஆயின் அவ்வலகுகள் ஒன்றுசேர்ந்திருப்பது எவ்வாறு?

நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினாவே இங்குப் பேருருவம் கொண்டு நின்றது. சிறு சிறு மூலக்கூறுகள் மெல்லிய விசைகளால் திரண்டு கிடப்பதே ரப்பர் என்று அந்நாளைய வேதியியலார் பலர் கருதினர். அவ்வளவு பெரிய மூலக்கூறு இருக்க முடியும் என்பதை அவர்கள் ஏற்கவில்லை. ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் ஸ்டௌடிங்கர் 1920ஆம் ஆண்டில் இதனை மறுத்தார். ரப்பர் வெறுந்திரள் அன்று. ஆயிரக்கணக்கான அலகுகள் சகப்பிணைப்பால் வரிசையாகக் கோக்கப்பட்ட நெடுஞ்சங்கிலி என்பது அவர் துணிபு.

அதனை அவர் சோதித்த முறை பாராட்டத்தக்கது. சிறு மூலக்கூறுகளை ஒட்டி வைப்பவை அவற்றின் இரட்டைப் பிணைப்புகளில் எஞ்சிய விசைகளே என்று எதிர்த்தரப்பார் கூறி வந்தனர். அப்படியாயின், ஹைட்ரஜனைச் சேர்த்து அந்த இரட்டைப் பிணைப்புகளை ஒற்றையாக்கிவிட்டால் திரள் கலைந்து, எளிதில் ஆவியாகும் சிறு மூலக்கூறுகள் வெளிப்படவேண்டும். ஸ்டௌடிங்கர் 1922ஆம் ஆண்டில் அவ்வாறே செய்து பார்த்தார். திரள் கலையவில்லை. ஹைட்ரஜன் சேர்ந்த ரப்பரும் முன்போலவே பெருமூலக்கூறின் இயல்புகளைக் காட்டியது. எனினும் அவர் கருத்தை அறிஞருலகம் ஏற்கப் பல ஆண்டுகள் சென்றன. 1953ஆம் ஆண்டில் அவருக்கு நோபெல் பரிசு அளிக்கப்பட்டது. திரள்வதையும் பிணைவதையும் ஒன்றெனக் கொண்டு மயங்கியவர்கள் பேரறிஞர்களே எனின், பள்ளி மாணவர் மயங்குவதில் வியப்பில்லை.

இன்று நாம் அறிந்தபடி, இயற்கை ரப்பரின் ஒரு மூலக்கூறில் பத்தாயிரத்திற்கு மேற்பட்ட அலகுகள் இருத்தல் இயல்பு. ஓர் அலகின் எடை 68. மூலக்கூறின் எடை பத்து இலட்சம் எனக் கொண்டால் அதில் ஏறத்தாழ 15,000 அலகுகள் உள்ளன என்பது கணக்கால் விளங்கும். மரம் ஐசோப்ரீனை நேரே எடுத்துக் கோப்பதில்லை. ஐந்து கார்பன் கொண்ட ஒரு பாஸ்பேட்டுச் சேர்மத்தை நொதியின் துணையால் ஒவ்வொன்றாகச் சேர்த்து நீட்டிச் செல்கிறது. உளி பட்டவுடன் வடியும் பாலில் இச்சங்கிலிகள் முழுமை பெற்றே இருக்கின்றன. சங்கிலியைக் கோத்தது மரம். தொட்டியில் ஊற்றிய அமிலம் அன்று.

ஒரே அலகு, இரண்டு பொருள்

ஒவ்வோர் அலகிலும் கார்பன் அணுக்களுக்கிடையே ஓர் இரட்டைப் பிணைப்பு உண்டு. அங்கே இரண்டு எலெக்ட்ரான் இணைகள் பொதுவில் நிற்கின்றன. ஒற்றைப் பிணைப்பில் கார்பன்கள் 1.54 ஆங்ஸ்ட்ராம் தொலைவில் இருக்கும். இரட்டைப் பிணைப்பில் 1.34 ஆங்ஸ்ட்ராம் அளவிற்கு நெருங்கிவிடும். இதனினும் முக்கியமான வேறுபாடு ஒன்றுண்டு. ஒற்றைப் பிணைப்பை அச்சாகக் கொண்டு அணுக்கள் சுழலலாம். இரட்டைப் பிணைப்பில் சுழல முடியாது. ஒரே ஆணியால் அறையப்பட்ட இரு பலகைகள் சுழலும், இரண்டு ஆணிகளால் அறையப்பட்டவை சுழலமாட்டா என்பதை ஒப்பு நோக்குக.

சுழல முடியாமையால் சங்கிலியின் இரு பக்கமும் இரட்டைப் பிணைப்பின் ஒரே புறத்தில் அமையலாம், அல்லது எதிரெதிர்ப் புறங்களில் அமையலாம். முதலாவது 'சிஸ்' அமைப்பு, இரண்டாவது 'டிரான்ஸ்' அமைப்பு. பால்மரத்தின் ரப்பர் சிஸ் அமைப்புடையது. மலாயாக் காடுகளில் வளரும் தாபான் மரத்தின் பாலில் உள்ளதோ டிரான்ஸ் அமைப்புடையது. அதனையே மலாய்க்காரர் கெத்தா பெர்ச்சா என்பர். அலகு ஒன்றே, அணுக்களின் விகிதம் ஒன்றே, பிணைப்பின் வகையும் ஒன்றே. ஆயினும் டிரான்ஸ் சங்கிலிகள் ஒழுங்காக நெருங்கி அடுக்கிக்கொள்வதால் கெத்தா பெர்ச்சா சாதாரண வெப்பத்தில் விறைப்பாக இருக்கும். வெந்நீரிலிட்டால் இளகி, ஆறியபின் மீண்டும் இறுகும். மின்சாரம் இதனூடே செல்லாமையால், 1851ஆம் ஆண்டில் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே கடலடியில் இட்ட தந்திக் கம்பிக்கு இதுவே உறையாயிற்று.

சிஸ் சங்கிலிகள் அவ்வாறு எளிதில் அடுக்கிக்கொள்வதில்லை. ஒற்றைப் பிணைப்புகளில் ஓயாது சுழன்று, நூற்கண்டு சிக்கியதுபோல் சுருண்டு கிடக்கின்றன. இழுத்தால் சுருள் நிமிர்கிறது. விட்டால் வெப்ப அசைவினால் மீண்டும் சுருள்கிறது. ரப்பரின் நீட்சிக்கு இதுவே காரணம். இழுக்கும்போது அணுக்களிடையேயுள்ள பிணைப்புகள் நீள்வதாக எண்ணுதல் கூடாது. வகுப்பிலேயே இதற்கொரு சோதனை செய்து காட்டலாம். தடித்த ரப்பர் வளையம் ஒன்றைச் சட்டென இழுத்து மேலுதட்டில் வைத்தால் இளஞ்சூடு தெரியும். இழுத்தபடியே சற்று ஆறவிட்டுத் தளர்த்தி மீண்டும் வைத்தால் குளிர்ச்சி தெரியும். பார்வையிழந்த ஆங்கில அறிஞர் ஜான் கஃப் இதனை 1805ஆம் ஆண்டில் எழுதி வைத்தார்.

தொட்டியில் நடப்பது

இப்போது பால் ஸ்டோருக்குத் திரும்புவோம். பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ரப்பர்; எஞ்சியதிற் பெரும்பகுதி நீர். ரப்பர் நீரில் கரைந்து இருப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய உருண்டைகளாக மிதக்கின்றது. ஒவ்வோர் உருண்டைக்குள்ளும் பல சங்கிலிகள் சுருண்டு கிடக்கின்றன. உருண்டையின் மேற்புறத்தில் புரதமும் கொழுப்புப் பொருள்களும் ஆடைபோல் போர்த்தியுள்ளன. இவ்வாடை எதிர்மின்னேற்றமுடையது. ஒத்த மின்னேற்றங்கள் ஒன்றையொன்று விலக்குமாதலின் உருண்டைகள் நெருங்குவதில்லை. பால் ஓடும் நிலையில் இருப்பதன் காரணம் இதுவே.

பார்மிக் அமிலத்தை ஊற்றினால் அதிலிருந்து பிரியும் ஹைட்ரஜன் அயனிகள் அந்த எதிர்மின்னேற்றத்தைச் சமன்செய்துவிடுகின்றன. விலக்கம் நீங்கியதும் உருண்டைகள் மோதுகின்றன, ஒட்டுகின்றன, திரள்கின்றன. உள்ளிருந்த சங்கிலிகளும் தம்முட் பின்னிக்கொள்கின்றன. ஆனால் ஒரு சங்கிலியின் கார்பனுக்கும் மற்றொரு சங்கிலியின் கார்பனுக்கும் இடையே புதிதாக எலெக்ட்ரான் இணை எதுவும் பொதுவில் வைக்கப்படவில்லை. சங்கிலிகளை அருகருகே வைத்திருப்பவை மெல்லிய ஈர்ப்புகளே. கார்பன் கார்பன் ஒற்றைப் பிணைப்பின் வலிமை மோல் ஒன்றுக்கு ஏறத்தாழ 350 கிலோஜூல் எனின், இந்த மெல்லிய ஈர்ப்பு ஒவ்வொன்றும் ஒரு சில கிலோஜூல் அளவினதே.

வெட்டிய பாலை எடுக்காது விட்டால் மங்கிலேயே கட்டிப்பால் ஆகிவிடுவதும் இதனால்தான். நுண்ணுயிர்கள் பாலிலுள்ள சர்க்கரை முதலியவற்றை உண்டு அமிலங்களை வெளியிடுகின்றன. அவை பார்மிக் அமிலத்தின் வேலையைச் செய்துவிடுகின்றன. அம்மோனியா சேர்த்தால் நுண்ணுயிர்கள் ஒடுங்கும், எதிர்மின்னேற்றமும் காக்கப்படும், பால் உறையாது நிற்கும். வீட்டில் பசுவின் பாலுக்கு உறை ஊற்றித் தயிராக்குவதும் இத்தகைய நிகழ்ச்சியே. இரண்டிற்கும் 'உறைதல்' என்ற ஒரே சொல்லைத் தோட்டத்துத் தமிழர் வழங்கியது எத்துணைப் பொருத்தம் என்பதை எண்ணி மகிழலாம். வேதியியல் நூல் படியாத அவர்கள் ஒப்புமையைச் சரியாகவே கண்டிருந்தனர்.

கந்தகம் செய்வது

பிணைப்பில்லாத திரளின் குறைபாடு விரைவில் வெளிப்படும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பச்சை ரப்பராற் செய்த காலணிகளும் சட்டைகளும் கோடையில் இளகி ஒட்டின, குளிர்காலத்தில் விறைத்து வெடித்தன. வெப்பம் ஏறினால் சங்கிலிகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்லும். தடுத்து நிறுத்த எதுவும் இல்லை.

1839ஆம் ஆண்டில் அமெரிக்கரான சார்லஸ் குட்யியர், கந்தகம் கலந்த ரப்பரைச் சூடேற்றினால் அக்குறை நீங்குவதைக் கண்டார். இங்கிலாந்தில் தாமஸ் ஹான்காக் இம்முறைக்கு 1843ஆம் ஆண்டில் காப்புரிமை கோரினார். ரோமானியரின் தீக்கடவுளாகிய வல்கனின் பெயரால் இது வல்கனைசிங் எனப்பட்டது. டயர் ஒட்டும் கடைகளின் பெயர்ப்பலகையில் இச்சொல்லை நாம் பார்த்திருக்கிறோம்.

கந்தகம் செய்வது யாது? கந்தக மூலக்கூறு எட்டு அணுக்கள் வளையமாகப் பிணைந்தது. 140 பாகையை ஒட்டிய வெப்பத்தில், துணைப்பொருள்களின் உதவியோடு, வளையம் திறந்துகொள்கிறது. கந்தக அணுக்கள் ரப்பர்ச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்பிற்கு அடுத்துள்ள கார்பனைப் பற்றுகின்றன. மறுமுனையால் வேறொரு சங்கிலியின் கார்பனைப் பற்றுகின்றன. இவ்வாறு சங்கிலிக்கும் சங்கிலிக்கும் இடையே ஒன்றோ பலவோ ஆகிய கந்தக அணுக்களால் பாலம் அமைகிறது. இப்பாலம் உண்மையான சகப்பிணைப்பு. 100 பங்கு ரப்பருக்கு இரண்டு மூன்று பங்கு கந்தகம் போதும். அலகுகளுள் மிகச் சிலவே பாலத்தில் ஈடுபடுகின்றன. எஞ்சியவை முன்போலச் சுருளவும் நிமிரவும் இடமிருப்பதால் நீட்சி கெடுவதில்லை. வழுக்கிச் செல்வது மட்டும் நின்றுவிடுகிறது. கந்தகத்தை 30 பங்கு அளவிற்கு ஏற்றினாலோ, பாலங்கள் மிகுந்து சங்கிலிகள் அசையமாட்டாது கருங்காலி போன்ற எபனைட் கிடைக்கும்.

உறைந்ததற்கும் பிணைந்ததற்கும் உள்ள வேறுபாட்டைப் பெட்ரோல் காட்டிவிடும். பச்சை ரப்பரைப் பெட்ரோலில் ஊறவைத்தால் அது ஊதி, மெல்ல மெல்லக் கரைந்து பசையாகும். சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் ஒட்டும் பசை இவ்வாறு ஆக்கப்படுவதே. அந்த டியூபின் துண்டு ஒன்றை அதே பெட்ரோலில் இட்டால் ஊதுமேயன்றிக் கரையாது. மெல்லிய ஈர்ப்பைப் பெட்ரோல் வென்றுவிடும். சகப்பிணைப்பை வெல்ல அதனால் இயலாது. வல்கனைசிங் செய்த டயரில் சங்கிலிகள் யாவும் பாலங்களால் இணைந்திருத்தலின், டயரின் ரப்பர் முழுவதையும் ஒரே பெருமூலக்கூறு என்று கூறினும் பொருந்தும். அதனை மீண்டும் உருக்கி வேறொன்றாக வார்க்க முடியாமைக்கும் இதுவே காரணம். வீட்டுப் புறத்தில் எறிந்த பழைய டயர் மட்காமல் கிடந்து, மழைநீரைத் தாங்கி, ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டிலாகிறது. அதன் வேரும் கந்தகப் பாலத்திலேயே உள்ளது.

சொல் பற்றிய ஓர் எச்சரிக்கை

தமிழாசிரியர்கள் கருதவேண்டிய ஒன்றைக் கூறி முடிப்பேன். இப்பிணைப்பைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் சகப்பிணைப்பு என்கின்றன. இலங்கைப் பாடநூல்கள் பங்கீட்டு வலுப்பிணைப்பு என்கின்றன. நம் பிள்ளைகள் இடைநிலைப்பள்ளியில் இக்காத்தான் கோவாலென் என்று மலாயில் பயில்வர். எச்சொல்லை வழங்கினும் தீங்கில்லை. ஆயின் பங்கு என்ற சொல் தமிழில் பிரிவினையையும் குறிக்கும். அண்ணன் தம்பியர் சொத்தைப் பங்கிட்டனர் என்றால், இவருக்கு இது, அவருக்கு அது என்று பிரித்துக்கொண்டனர் என்பதே பொருள். 'எலெக்ட்ரான்களைப் பங்கிட்டுக்கொள்கின்றன' என்று விளக்கமின்றிச் சொன்னால், ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொண்டன என்று மாணவன் கருதுவான். அங்கே நடப்பது அதற்கு நேர்மாறானது. இணை பிரிவதில்லை, பிரிவதில்லை என்பதாலேயே அணுக்கள் சேர்ந்து நிற்கின்றன. ஆதலின் 'பொதுவில் வைத்துக்கொள்கின்றன' என்று கூறி விளக்குதல் நலம். சகப்பிணைப்பில் உள்ள 'சக' என்பதற்கும் 'உடன்' என்பதே பொருள்.

மலாயாவின் ரப்பர் வரலாற்றில் நம்மவர் கை வேலை பெரும்பாலும் உறைத்தலோடு நின்றது. ஷீட் கப்பலேறிற்று. பிணைக்கும் வேலை பெரும்பாலும் கடல் கடந்த ஆலைகளில் நடந்தது. மரத்தையும் மங்கையும் தொட்டியையும் தலைமுறை தலைமுறையாக அறிந்த மக்களுக்கு, அப்பாலினுள் இருப்பது யாது என்று எடுத்துச் சொல்வார் அரியராயினர். அக்குறையை நீக்கும் வாய்ப்பு இன்று தமிழ்ப்பள்ளி ஆசிரியரிடம் உள்ளது. ஆய்வுக்கூடம் இல்லையே என வருந்த வேண்டுவதில்லை. ரப்பர் வளையம் ஒன்றும் பழைய சைக்கிள் டியூபும் போதும். அருகில் சிறுதோட்டம் இருப்பின் ஒரு மங்குப் பாலும் சில துளி அமிலமும் கிடைக்கும். பெட்ரோலை மட்டும் மாணவர் கையிற் கொடாது, நெருப்பில்லாத திறந்த வெளியில் ஆசிரியரே கையாள வேண்டும். உறைந்த கட்டியை மாணவன் கையில் கொடுத்து, 'இது பிணைந்ததா, திரண்டதா?' என்று கேளுங்கள். அவன் காரணங் காட்டி விடை சொல்லும் நாளில், தன் பாட்டன் வெட்டிய பாலின் வேதியியலை அவன் தன் தாய்மொழியிலேயே அறிந்தவனாவான்.